செட்டு

எங்கள் அப்பாவை ஊரில் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் குறைவு. ‘செட்டுக்கார அண்ணாச்சி’ என்றால்தான் தெரியும். கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல்காட்டு ஊர் எங்களுடையது. கல்யாணம், சடங்கு, காதுகுத்து, கோயில் கொடை, தேர்தல் கூட்டம் என்று எது வந்தாலும் ஒரு ஆள் வந்து திண்ணையில் உட்கார்ந்து, “அண்ணாச்சி, செட்டு வேணும்” என்பார். “ரெண்டு குழாயா, நாலு குழாயா?” என்று அப்பா கேட்பார். வாடகை குழாயின் எண்ணிக்கையைப் பொறுத்தது.

செட்டு என்பது அஹுஜா ஆம்ப்ளிபயர், இசைத்தட்டு சுழலும் பிளேயர், கூம்புக் குழாய்கள், மைக், அதை நிறுத்தும் ஸ்டாண்டு, வயர்ச் சுருள் எல்லாம் சேர்ந்தது. அதில் மைக் மட்டும் போதும் என்று யாராவது கேட்டால் அப்பாவுக்குக் கோபம் வரும். “செட்டப் பிரிச்சுக் குடுக்கிற வழக்கம் இல்ல” என்று முடித்துவிடுவார். விசேஷ வீட்டு வேப்பமரத்தில் குழாயைக் கட்டும்போது அது எந்த ஊரைப் பார்க்க வேண்டும் என்பதில் பெரிய விவாதமே நடக்கும். சம்பந்தி ஊர் எந்தத் திசையோ அந்தத் திசைக்கு ஒரு குழாய் நிச்சயம். ஆம்ப்ளிபயரைப் போட்டதும் பாட்டு வராது. உள்ளே வால்வுகள் மெள்ளச் சிவந்து சூடேற வேண்டும். அதுவரை பையன்கள் எல்லாம் குனிந்து, முதுகுப்புறத்து ஓட்டைகள் வழியாக அந்தச் சிவப்பைப் பார்த்துக்கொண்டிருப்போம். அப்பா ஊசியை மாற்றி, தட்டைச் சட்டை நுனியால் துடைத்து வைப்பார். முதலில் சீர்காழி கோவிந்தராஜனின் பிள்ளையார் பாட்டு. அப்புறம்தான் சினிமா.

எங்கள் ஆச்சிக்கு இந்தச் சொல்லில் ஒரு மனக்குறை இருந்தது. அவளுக்குத் தெரிந்த செட்டு வேறு. பழைய தமிழ்ச் செட்டு. சிக்கனம் என்று பொருள். ‘கட்டும் செட்டுமாகக் குடும்பம் நடத்துகிறாள்’ என்று இன்றைக்கும் சொல்கிறோமே, அந்தச் செட்டு. அப்பா வாடகைப் பாக்கியை வசூலிக்கத் தெரியாதவர். வசூலித்ததையும் வரும் வழியிலேயே நாலு பேருக்குக் காபி வாங்கிக் கொடுத்துத் தீர்த்துவிடுவார். ஆச்சி வாசற்படியில் உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டே தெருவுக்குக் கேட்கும்படி சொல்வாள்: “பேருதான் செட்டுக்காரன். கையில செட்டு இல்ல.” இரண்டு செட்டும் இரண்டு மொழிச் சொற்கள் என்பது அவளுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் விட்டிருக்க மாட்டாள்.

ஊரில் எங்களுடையது மட்டும்தான் செட்டு என்று நினைத்துவிடக் கூடாது. கொடைக்கு மேளம் பேசப் போகிறவர்கள் ‘ரெண்டு செட் மேளம்’ என்று பேசிவிட்டு வருவார்கள். கரகாட்டத்துக்கும் செட்டுதான். ஆட்டக்காரர்கள், நையாண்டி மேளம், குறவன் குறத்தி எல்லோரும் சேர்ந்து ஒரு செட்டு. ஒரு கொடையில் சாமி இறங்குகிற நேரம், கூட்டத்திலிருந்து ஒருவர் “செட்ட நிப்பாட்டுங்கப்பா!” என்று கத்த, அப்பா இசைத்தட்டிலிருந்து ஊசியை எடுத்தார். மேளக்காரர்களும் வாசிப்பை நிறுத்திவிட்டார்கள். சாமியாடி ஆடுவதை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார். “மேளச் செட்டச் சொல்லலய்யா, ரேடியோச் செட்ட!” என்று விளக்கம் சொல்லித்தான் சாமியை மறுபடி வரவழைக்க வேண்டியிருந்தது.

ஊருக்கு வெளியே போனால் பம்பு செட்டு. இதன் கதை எனக்குப் பிடித்தமானது. பம்பும் அதை ஓட்டும் மோட்டாரும் சேர்ந்த ஜோடிக்குத்தான் அந்தப் பெயர். ஆனால் எங்கள் பக்கத்தில் யாரும் அந்த ஜோடியை மனசில் வைத்து அதைச் சொல்வதில்லை. பம்பு செட்டு என்பது ஓர் இடம். மோட்டார் இருக்கும் சின்ன அறை, அதன் முன்னால் தண்ணீர் விழும் தொட்டி, துவைக்கிற கல், பக்கத்தில் ஒரு தென்னையோ புங்கமரமோ. ‘பம்பு செட்டுல குளிக்கப் போறேன்’, ‘சாவிய பம்பு செட்டுல வச்சிட்டேன்’, ‘சாயங்காலம் பம்பு செட்டுப் பக்கம் வா, பேசுவோம்’. மோட்டார் எரிந்து போய், காயில் கட்டுவதற்காகக் கழற்றிக் கொண்டுபோன பிறகும் அந்த அறை பம்பு செட்டாகவே இருக்கும். மின்சாரக் கட்டண உயர்வை எதிர்த்து 1970களில் விவசாயிகள் நாராயணசாமி நாயுடு தலைமையில் போராடியதும், 1984இல் சிறு விவசாயிகளுக்கும் பிறகு 1989இல் அமைந்த ஆட்சியில் எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரம் இலவசமானதும் இந்தச் சின்ன அறையைச் சுற்றி நடந்த அரசியல்தான். அரசு விளம்பரங்களிலும் இன்றுவரை ‘பம்புசெட்’ என்றே அச்சாகிறது. அதற்கு மாற்றுச் சொல் தேடி அரசும் கஷ்டப்படவில்லை, விவசாயியும் கஷ்டப்படவில்லை.

எங்கள் வீட்டுக்கு மச்சுப் போட்டபோது இன்னொரு செட்டைக் கேட்டேன். கான்கிரீட் கலவை தலைச்சுமையாக மேலே போய்க்கொண்டிருக்கிறது. கொத்தனார் மட்டப்பலகையை இழுத்தபடி, “ஏய், செட்டாகிறதுக்குள்ள கொண்டாங்கப்பா” என்று விரட்டுகிறார். நம் நாட்டுத் தர விதிப்படி, சாதாரண போர்ட்லண்ட் சிமென்ட் தண்ணீர் பட்டபிறகு 30 நிமிஷத்துக்கு முன்னால் இறுகத் தொடங்கக் கூடாது; 600 நிமிஷத்துக்கு மேல் இழுக்கவும் கூடாது. உடனே இறுகிவிடாமல் இருக்கத்தான் ஆலையிலேயே அதில் ஜிப்சம் சேர்த்து அரைக்கிறார்கள். அந்தக் கொத்தனாருக்கு இந்தக் கணக்கெல்லாம் யாரும் சொல்லித் தந்ததில்லை. விரலால் அழுத்திப் பார்ப்பார். தடம் விழுந்தால் ஒரு பேச்சு, விழாவிட்டால் வேறு பேச்சு. மறுநாள் காலையில் சிமென்டால் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தும்போது, “செட்டாயிருச்சு, இனி பயம் இல்ல” என்றார்.

அவருடைய அப்பாவும் கொத்தனார்தான். சுண்ணாம்பும் மணலும் சேர்த்துச் செக்கில் அரைத்து, கடுக்காய்த் தண்ணீர் விட்டுக் கட்டிய தலைமுறை. அந்தப் பெரியவர் ஒருநாளும் ‘செட்’ என்று சொல்லிக் கேட்டதில்லை. ‘இறுகணும்’ என்பார், ‘பிடிக்கணும்’ என்பார். சுண்ணாம்புக் கலவைக்கு அவசரம் கிடையாது. மூடிவைத்துப் பிறகு மறுபடி அரைத்துக்கொள்ளலாம். கடிகாரத்தைப் பார்த்து வேலை செய்யவைத்தது சிமென்ட்தான். அந்த மூட்டையோடு சேர்ந்தே இந்தச் சொல்லும் இறங்கியிருக்க வேண்டும் என்பது என் கணிப்பு.

அதே வேலையில் நிலை, கதவு செய்த ஆசாரியிடம் மூன்றாவது அர்த்தம் கிடைத்தது. ரம்பத்தைத் தூக்கி, வெளிச்சத்துக்கு நேராக ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். “செட்டு போயிருச்சு” என்றார். ரம்பத்தின் பற்கள் ஒரே நேர்க்கோட்டில் இருப்பதாகத்தான் நாம் நினைக்கிறோம். அப்படி இருந்தால் அது மரத்துக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். ஒரு பல்லை இடப்பக்கம், அடுத்ததை வலப்பக்கம் என்று மாற்றி மாற்றிக் கொஞ்சம் சாய்த்துவிட வேண்டும். அப்போதுதான் வெட்டும் வாய் தகட்டின் கனத்தைவிட அகலமாகி, ரம்பம் இழுபட இடம் கிடைக்கும். அந்தச் சாய்மானத்துக்குப் பெயர் செட்டு. அன்று பிற்பகல் முழுக்க அவர் ஒவ்வொரு பல்லாக வளைத்துக்கொண்டிருந்தார். கூலி கொடுக்கும் அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. “ஆசாரியாரே, மரத்துல கை வைக்கிறது எப்ப?” என்று கேட்டாள். “இத விட்டுட்டு மரத்துல கை வச்சா, நாளைக்கும் இங்கதான்மா இருப்பேன்” என்றார் அவர்.

சாப்பாட்டுக்கடைச் செட்டு ஒரு எண். ‘ஒரு செட் பூரி’ என்றால் இரண்டு. ‘செட் பரோட்டா’ என்றாலும் எங்கள் பக்கம் இரண்டுதான். பெங்களூரில் வேலைக்குப் போன புதிதில் செட் தோசை சொன்னேன், மூன்று வந்தது. திருப்பி அனுப்பலாமா என்று யோசித்தேன், பசி விடவில்லை. கூட வந்த கன்னட நண்பர், செட் தோசை என்றால் மூன்றுதான், இது குழந்தைக்கும் தெரியுமே என்றார். ஓசூரைத் தாண்டினால் ஒரு செட்டில் ஒன்று கூடிவிடுகிறது.

படித்து முடித்து, அச்சகங்களில் மெய்ப்புத் திருத்தும் வேலையில் பல காலம் இருந்தேன். அப்போது ஒரு கல்லூரி நூலகத்தில் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பு, 1989இல் வந்த இருபது தொகுதிகளும் (நூலகர் பாஷையில் ‘முழு செட்’), கண்ணாடி பீரோவுக்குள் இருந்தன. வேறு எதையோ தேடப் போனவன் ‘செட்’ என்ற சொல்லில் மாட்டிக்கொண்டேன். பக்கம் பக்கமாகப் போகிறது. அந்தப் பதிப்பிலேயே நீளமான பதிவு அதுதான். 430க்கு மேற்பட்ட பொருள்கள், ஏறத்தாழ 60,000 சொற்கள். ஒரு மூன்றெழுத்துச் சொல்லுக்கு ஒரு நாவல் அளவு விளக்கம்!

அதைவிட வியப்பான விஷயம், அது ஒரு சொல்லே இல்லை என்பது. இரண்டு சொற்கள். ‘வை, நிறுத்து, அமை’ என்கிற வினைச்சொல் பழைய ஆங்கிலத்திலிருந்து வந்தது. உட்கார் என்பதன் பிறவினை, அதாவது ‘உட்கார வை’. ‘கூட்டம், தொகுதி’ என்கிற பெயர்ச்சொல்லோ லத்தீனில் ‘செக்தா’ என்று பிறந்து, பழைய பிரெஞ்சு வழியாக வந்த வேறொரு சொல். ஒருவரைப் பின்பற்றி நடப்பவர்கள் என்று பொருள். ஒலி ஒன்றாகிப் போனதால் இரண்டும் போகப்போக ஒட்டிக்கொண்டன. ஆச்சியின் செட்டும் அப்பாவின் செட்டும் ஒரே திண்ணையில் இருந்த மாதிரிதான். இதன்படி பார்த்தால் மேளச் செட்டு லத்தீன் வழி, கொத்தனாரின் செட்டு ஆங்கில வழி. கொத்தனாரின் செட்டுக்குத் தமிழ் மனசில் முன்பே இடம் இருந்தது என்றும் சொல்ல வேண்டும். தைத்த சட்டையைப் போட்டுக் காட்டினால் டெய்லர் தோள்பட்டையைத் தடவிவிட்டு, “நல்லா உக்காந்திருக்கு” என்பார். சட்டையும் உட்காரும், கதவும் நிலையில் உட்காரும். உட்கார வைக்கிற சொல் ஒன்று கப்பலில் வந்து இறங்கியபோது நம் ஆட்களுக்கு அது அந்நியமாகப் படாமல் போனதில் என்ன ஆச்சரியம்?

அந்த அகராதியின் முதல் பதிப்பு 1884 முதல் 1928 வரை பகுதி பகுதியாக வெளியானது. தலைமைப் பதிப்பாசிரியர் ஜேம்ஸ் மரே 1915இலேயே இறந்துவிட்டார். எஸ் எழுத்தின் ஆரம்பப் பகுதி, அதாவது ‘செட்’ வருகிற பகுதி, ஹென்றி பிராட்லியின் பொறுப்பில் இருந்தது. பிராட்லி பல்கலைக்கழகத்தில் படித்தவர் அல்ல. ஷெஃபீல்டு நகரத்தில் கத்தி, வெட்டுக்கருவி செய்யும் நிறுவனத்தில் இருபது ஆண்டு காலம் கடிதம் எழுதும் குமாஸ்தாவாக இருந்தவர். தானே பல மொழிகளைக் கற்றுக்கொண்டவர். ரம்பமும் சவரக்கத்தியும் செய்கிற ஊரில் அத்தனை காலம் காது கொடுத்தவர், ஆசாரி சொன்ன அந்தச் செட்டைப் புத்தகத்தில்தான் முதலில் பார்த்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

பின்னால் செட்டின் முதலிடம் போய்விட்டது. 2011இல் ‘ரன்’ என்ற வினைச்சொல்லைப் புதுப்பித்து முடித்தபோது 645 பொருள்கள் தேறின. பீட்டர் கில்லிவர் என்ற ஒரே ஆசிரியர் ஒன்பது மாதம் அதிலேயே உட்கார்ந்திருந்தாராம். நமக்கு ரன் என்றால் கிரிக்கெட். அது போகட்டும்.

பள்ளிக்கூடத்தில் நானும் ஒரு செட்டைப் படித்தேன், ஆனால் அதுதான் இது என்று தெரியாமல். தமிழ் வழிக் கணக்குப் புத்தகத்தில் அதற்குப் பெயர் ‘கணம்’. ஜெர்மனியின் ஹாலே நகரத்தில் இருந்துகொண்டு கணித அறிஞர் கேன்டர் உருவாக்கிய கோட்பாடு, நெளிவான அடைப்புக்குறிக்குள் மாம்பழமும் கொய்யாவுமாக எங்களிடம் வந்து சேர்ந்தது. வெற்றுக் கணம், சேர்ப்பு, வெட்டு. நல்ல சொற்கள், குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் பரீட்சைத் தாளைத் தாண்டி அவை வெளியே வரவில்லை. கணம் என்று எந்தச் சமையல்காரரும் பாத்திரத்தை எண்ணவில்லை.

சினிமாச் செட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ‘நாயகன்’ 1987 தீபாவளிக்கு வந்தது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தாராவிக்குப் பிழைக்கப் போனவர்கள் எங்கள் உறவிலேயே பலர் உண்டு. அப்படிப் போய்த் திரும்பிய மாமா ஒருவர் படம் பார்த்துவிட்டு வந்து, “அந்தத் தெரு எங்க தெருவேதான், குழாயடிகூட அதேதான்” என்று அடித்துச் சொன்னார். அந்தத் தாராவியின் பெரும்பகுதி சென்னையில் வீனஸ் ஸ்டுடியோவில் தோட்டா தரணி போட்ட செட். அவருக்கு அதற்குத் தேசிய விருதும் கிடைத்தது. மாமாவிடம் சொன்னேன். அவர் கடைசிவரை நம்பவில்லை. “செட்டுன்னா அட்டையில இல்லடா இருக்கும்?” என்றார். தரணிக்குக் கிடைத்த விருதுகளில் இதையும் சேர்க்கலாம்.

டெலிவிஷன் செட், பல் செட், கவரிங் நகை செட், நாகர்கோவில் பக்கம் போனால் செட்டு முண்டு என்று போய்க்கொண்டே இருக்கும். எல்லாவற்றையும் சொல்லப் புகுந்தால் பக்கம் போதாது. செட்டாப் பாக்ஸ் மட்டும் வேடிக்கையானது. டிவி செட்டின் தலைமேல் வைக்கிற பெட்டி என்பதால் அந்தப் பெயர். இப்போது டிவி சுவரில் படம் மாதிரி தொங்குகிறது. அதன் தலைமேல் ஒரு தீப்பெட்டியைக்கூட வைக்க முடியாது. பெட்டி கீழே அலமாரிக்கு இறங்கிவிட்டது, பெயர் இன்னும் இறங்கவில்லை.

ஆட்களைக் குறிக்கும் செட்டு தனி. ‘எங்க செட்டுல எல்லாருக்கும் பேரன் பேத்தி வந்தாச்சு’ என்று அறுபது வயதுக்காரர் சொன்னால், அது ஒரே வருஷம் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள், ஒன்றாக ஊர் சுற்றியவர்கள். ஆங்கிலத்திலும் கிட்டத்தட்ட இதே பொருள் உண்டு. ஆனால் அங்கே அதில் பணக்காரப் பவுசு வீசும். நம்முடையது டீக்கடை பெஞ்சுச் செட்டு.

முழுக்க முழுக்க நாமே செய்துகொண்டது ஒன்று இருக்கிறது. ‘செட் ஆகல.’ என் மகளுக்கு வரன் பார்த்த காலத்தில் வீட்டில் அதிகம் புழங்கிய வாக்கியம் அதுதான். ஜாதகம் பொருந்தியது, படிப்பு பொருந்தியது, மாப்பிள்ளையும் நல்ல பையன். போனில் இரண்டு நாள் பேசிவிட்டு வந்து, “எனக்கு செட் ஆகலப்பா” என்றாள். ஏன் என்று கேட்டால் அதற்கு மேல் சொல்ல எதுவும் இல்லை. பிடிக்கவில்லை என்றால் பையன்மேல் குற்றம் வரும். பொருந்தவில்லை என்றால் ஜோசியர் வாசனை வரும். இது யார்மேலும் பழி போடாத சொல். வேலையிலிருந்து வெளியேறும் இளைஞரும் இதைத்தான் சொல்கிறார், புதுச் செருப்பைத் திருப்பிக் கொடுப்பவரும் இதைத்தான் சொல்கிறார். இந்த வாக்கியத்தை லண்டனில் ஒருவரிடம் அப்படியே சொன்னால் அவருக்குப் புரியாது. ஆங்கிலத்தின் கையிலிருந்து சொல்லை வாங்கி, ‘ஆகு’ என்ற நம் வினையை ஒட்டவைத்து, அவர்களிடம் இல்லாத ஒரு வேலையை அதற்குக் கொடுத்திருக்கிறோம்.

நான் வேலை பார்த்த ஓர் அச்சகத்தில் தனித்தமிழ்ப் பற்றுள்ள புலவர் ஒருவர் மூத்த திருத்துநராக இருந்தார். ‘செட்’ எங்கே வந்தாலும் அடித்துவிட்டு ‘தொகுதி’ என்று எழுதுவார். ஒரு சிறுகதையில் நாயகன் நாயகிக்காகப் பம்புத் தொகுதியில் காத்திருந்தான். புலவரின் தமிழ் அறிவில் எனக்கு இன்றும் மரியாதை உண்டு. ஆனால் அந்தக் கதையில் காதல் நடக்க வழியில்லாமல் போனது. எழுதிய பையன் வந்து கெஞ்சித்தான் பழைய சொல்லைத் திரும்ப வைத்தோம்.

என் கட்சி இதுதான். உகரம் சேர்த்துச் ‘செட்டு’ ஆகி, ‘செட்டை, செட்டுக்கு, செட்டுல’ என்று வேற்றுமை உருபெல்லாம் ஏற்று, ‘செட்டுக்காரர்’ என்று ஒரு தொழில்காரரையும் உண்டாக்கிவிட்ட சொல்லை வெளியாள் என்று வாசலில் நிறுத்துவதில் அர்த்தமில்லை. தமிழ் அகராதியில் அது ஆச்சியின் செட்டுக்குக் கீழே, இரண்டாம் எண் போட்டு, ஒவ்வொரு தொழிலின் பொருளோடும் வர வேண்டும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது. பம்பு செட்டும் சிமென்டும் கிராமத்துக்குள் பரவலாக வந்தது அதற்குப் பிறகு. ‘க்ரியா’ அகராதி 1992இலிருந்து புழக்கத்தமிழைப் பதிவுசெய்ய நிறைய உழைத்திருக்கிறது. ஆனால் பட்டறைச் சொற்கள் அச்சில் வருவது குறைவு. அச்சில் வராத சொல் அகராதிக்காரர் கைக்கு எப்படிப் போகும்?

ஆக்ஸ்ஃபோர்டு அகராதி பண்டிதர்களால் மட்டும் ஆனதல்ல. மரே 1879இல் பொதுமக்களுக்கு வேண்டுகோள் விட்டார். வாசகர்கள் தாங்கள் படித்த இடத்தில் கண்ட சொல்லை, அது வந்த வாக்கியத்தோடும் ஆண்டோடும் சின்னச் சீட்டில் எழுதி அனுப்பினார்கள். லட்சக்கணக்கான சீட்டுகள் வந்து குவிந்தன. நம்மிடம் படிக்கப் புத்தகம் இல்லாத இடத்தில் கேட்க ஆள் இருக்கிறார்கள். வீட்டில் வேலை நடக்கும்போது கொத்தனார், ஆசாரி, எலெக்ட்ரீஷியன், சமையல்காரர் என்ன சொல்கிறார்கள் என்று காது கொடுங்கள். சொல்லை மட்டும் எழுதினால் போதாது. அவர் பேசிய வாக்கியத்தை அப்படியே எழுதி, ஊரையும் வருஷத்தையும் கீழே போடுங்கள்.